உள்பக்கக் கைப்பிடி

குளித்துவிட்டு அவள் படுக்கையறைக்குள் வந்தபோது, துணி அறையின் கதவு கடைசி ஒரு சாண் தூரத்தை மெதுவாகக் கடந்து மூடிக்கொண்டிருந்தது.

இடியில்லை, கிரீச்சிடலில்லை, யாரோ மூச்சை அடக்கி விடுவதுபோல ஒரு மெல்லிய இரைச்சலோடு வழுக்கி வந்து, சட்டத்தோடு ஒட்டி நின்றது. முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளே தேர்ந்தெடுத்த கதவு. துண்டால் தலையைத் துவட்டியபடி அதை ரசித்துக்கொண்டிருந்தவளுக்குக் கடைக்காரப் பெண் சொன்னது நினைவுக்கு வர, கை அப்படியே நின்றது. தள்ளிவிட்டால் போதும், கடைசி ஒரு சாண் தூரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தள்ளாவிட்டால் நாள் கணக்கில் அப்படியே நிற்கும்.

யாரோ தள்ளியிருக்கிறார்கள்.

கதவு வாங்கக் கடைக்கு அண்ணியும் வந்திருந்தாள். முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி போடு, தனியாக இருக்கிறவளுக்குத் துணைக்கு ஒரு ஆளாச்சு என்று கேலி செய்தாள். அவள் மங்கல் கண்ணாடியைத்தான் எடுத்தாள். உள்ளே எப்போதும் வெளிச்சம் போக வேண்டும். கீல் போட்ட கதவே வேண்டாம், தாழ்ப்பாள் வைக்க வழியில்லாத நகரும் கதவு போதும் என்று பிடிவாதமாக நின்றாள். மாட்ட வந்த தச்சரிடமும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைங்க."

"உள்ள எதுக்கும்மா? துணிங்க என்ன, தானா தெறந்துக்கிட்டு வெளிய வரப் போகுதா?"

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. "வைங்க" என்றாள்.

பழைய கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாள் வெளியே. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், கணவர் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். தோளைப் பிடித்துத் துணி அறைக்குள் விட்டுத் தாழிடுவார். "கோவம் அடங்கட்டும். அப்புறம் தெறக்கறேன்." அடங்க வேண்டியது அவளுடைய கோபம். இருட்டில், இல்லாத கைப்பிடியை அவள் உள்ளங்கைகளால் மரம் முழுக்கத் தேடியிருக்கிறாள். ஒருமுறை கதவிடுக்கில் கை கொடுத்துத் தடுத்ததில் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, அப்படியே நின்றுவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அங்கே அவளுக்குக் கிடைக்கப்போவது பின்கட்டில் ஓர் அறையும் அண்ணியின் முகக்குறிப்பும். இங்கே பயமாக இருக்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னாலும் வீடு கைவிட்டுப் போகும். அவள் சொல்ல மாட்டாள். இத்தனை வருஷம் அவள் விழுங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தச் சுவர்கள் அவளுக்குக் கடன்பட்டிருந்தன.

ஆனால் கதவின் அந்த மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. காலையில் அடுப்படியில் நிற்கும்போது கேட்கும். மத்தியானம், வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கும் நேரத்தில், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். திறந்து பார்த்தால் புது மெருகின் வாசனை. அதற்கு அடியில், நெடுநேரம் அடைபட்ட வியர்வை. மூலையில் தொங்கும் உடைகள் ஒதுங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தன. ஒருநாள் உள்பக்கக் கைப்பிடியைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ விட்டதுபோல.

கைப்பிடியை விடாமல் நின்றாள். "செத்தும் அடங்கலையா உங்களுக்கு?" என்று தொங்கும் உடைகளைப் பார்த்துக் கேட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அடுத்த நாள் அண்ணன் போனில் அழைத்தான். வீடு பார்க்க நாளைக்கு ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னான். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான்.

"பயமா இருக்காம்மா? சொல்லு."

பின்னால் அந்த மூச்சு.

"யாரையும் கூட்டிட்டு வராதண்ணா. இது என் வீடு. இங்க யார் இருக்கணும்னு நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனாள். துணி அறைக்குள் நுழைந்து, மூலைப் பக்கம் முதுகைக் காட்டியபடியே உள்பக்கக் கைப்பிடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பின்கழுத்தில் சூடாக ஏதோ பட்டது. திரும்பவில்லை. கைப்பிடி கழன்று கையில் விழுந்தது. வெளியே வந்து, ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாள். கடைசி ஒரு சாண் தூரத்தை அதுவே பார்த்துக்கொண்டது.

"இப்ப நீங்க உள்ள" என்றாள். அவர் குரலின் அதே நிதானத்தில், ஆசை தீர, சொன்னாள்: "கோவம் அடங்கட்டும். அப்புறம் தெறக்கறேன்."

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

மங்கல் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்தது.

இன்னொன்று. கைப்பிடி இருந்த இடத்தைத் தடவின. மேலே. கீழே. மறுபடி அதே இடம். அவசரமான, சின்னக் கைகள்.

சின்னக் கைகள்.

அவள் சிரிப்பு நின்றது. அவருடையவை அகலமானவை. இவை அப்படியில்லை. இடது கை கண்ணாடியில் அழுந்தி விரிந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"தெறங்க" என்றது உள்ளிருந்து அவள் குரல். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய குரல். "இனிமே பேச மாட்டேன். தெறங்க."

திருப்புளி தரையில் விழுந்தது. அவள் பாய்ந்து வெளிக் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். ஒற்றை விரலுக்கு நகர்ந்த கதவு அசையவில்லை. இழுத்தாள். அசையவில்லை.

அப்போதுதான் தன் கையின்மேல் இருந்த கனத்தை உணர்ந்தாள்.

வெளியே, அவள் பக்கத்தில், அவள் விரல்களை மூடிக்கொண்டு, அகலமான குளிர்ந்த கை ஒன்று கதவைச் சட்டத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவரை எரித்தபோது அவள் கழற்றாமல் விட்ட மோதிரம் அதில் இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. சுவரில் காலை ஊன்றினாள். "பேசு" என்று கண்ணாடிக்குள் கத்தினாள். "நீ பேசிக்கிட்டே இரு."

இழுத்தாள்.