செவ்வந்தி மாலையும் பேபி ஒஸ்ரினும்

மழை என்றால் அப்படி ஒரு மழை! காலி வீதி முழுக்க ஆறாக ஓடியது. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்ற வரதராசா குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் இரவல் டை... இன்றைக்கு, அவன் குமாஸ்தாவாக இருக்கும் கந்தோரில் பெரிய துரை அவனை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். என்னத்துக்கு? தெரியாது. தெரியாததால் இரவு ஒரு பொட்டு நித்திரை இல்லை. அவன் அப்படித்தான். வானம் இருண்டால் பயப்படுவான்... வெளித்தால் அதைவிடப் பயப்படுவான்.

சளார்!

தலை முதல் கால்வரை சேற்றுத் தண்ணீர். அவனைக் கடந்துபோன சின்னஞ்சிறு பேபி ஒஸ்ரின் கார் கொஞ்சம் தள்ளிப் போய்க் கிறீச்சென்று நின்றது. நின்றதோடு விட்டிருக்கலாம். விடவில்லையே! பின்பக்கமாக ஓடி வந்தது.

சளார்!

“ஐயோ ஸொறி மிஸ்டர்! ஸொறி, ஸொறி!” கார்க் கண்ணாடி இறங்கியது. ஒரு பெண்.

“முதல் தரம் தெரியாமல்... சரி. ரெண்டாம் தரம் என்னத்துக்கு?” என்றான் வரதராசா, வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டு.

“ரெண்டாம் தரம் மன்னிப்புக் கேக்கத்தானே வந்தேன்!”

கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தான். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்... பெரிய கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழுவதா நிற்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அந்தக் கண்களே சிரித்தன. வரதராசாவின் கோபம் எங்கே போனதோ!

“ஏறுங்க. கோட்டைக் கந்தோருக்குத்தானே? நான் கொட்டாஞ்சேனைக்குப் போறேன். போற வழியில கோட்டையில இறக்கிவிடுறேன்.”

ஏறினான். அதுதான் அவன் செய்த தப்பு. அந்தக் கார் போன போக்கை என்னவென்று சொல்வது! பம்பலப்பிட்டி ஒரு மூச்சு, கொள்ளுப்பிட்டி ஒரு மூச்சு. மாட்டு வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் அவள் புகுந்து புகுந்து போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தேவாரத்தை முணுமுணுத்தான்.

“என்ன மிஸ்டர், கதவை அப்படிப் புடிச்சிருக்கீங்க? அது கழண்டு வராது.”

“நான் கழண்டு போகாமல் இருக்கத்தான்.”

அவள் கலகலவென்று சிரித்தாள். பெயர் நேசமலர். கொட்டாஞ்சேனையில் அண்ணன் கிளறன்ஸ் ஒரு கராஜ் வைத்திருக்கிறான். விடியப்புறங்களில் இரத்மலானைப் பக்கம், யுத்த காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட பழைய ஓடுபாதையில் காரோட்டிப் பழகிவிட்டு வருகிறாள். எதற்கு? பந்தயத்துக்கு!

“பொம்பிளைப் பிள்ளை பந்தயம் ஓடுறதோ?” என்றான் அவன்.

“ஏன், காருக்குத் தெரியுமா ஓட்டுறது ஆம்பிளையா பொம்பிளையாண்டு?” சட்டென்று அவள் முகம் மாறியது. “மோட்டார்க் கழகத்துல இதுவரைக்கும் ஒரு பொம்பிளையையும் சேக்கல்ல. வாற மாசப் பந்தயத்துல என்னை மட்டும் பரீட்சைக்கு ஓட விடுறாங்க. ஒழுங்கா ஓடி முடிச்சா நானும் அங்கத்தவர். நடுவழியில நிண்டேன்... அதோட சரி. எனக்கும் இல்ல, பிறகு வாற எந்தப் பொம்பிளைக்கும் இல்ல. செயலாளர் துரை முகத்துக்கு நேரயே சொல்லிட்டார்.”

பெரிய துரை கூப்பிட்டது வரதராசாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லத்தானாம். நல்ல செய்திதான். ஆனால் அவன் அதைச் சரியாகக் கேட்கவேயில்லை. சேறு காய்ந்த கோட்டோடு நின்று அந்தக் கண்களை நினைத்துக்கொண்டிருந்தான்.

பிறகென்ன... லீவு நாளிலும் அதே பஸ் தரிப்பில் வரதராசா நின்றான். “இண்டைக்குக் கந்தோர் இல்லையே மிஸ்டர்?” என்று அவள் கேட்பாள். “பஸ் பாக்க வந்தனான்” என்பான் அவன். “பஸ்தானே? பாருங்க, நல்லாப் பாருங்க!” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுவாள். ஒருநாள் ஓடுபாதைக்கே கூட்டிப்போனாள். கிளறன்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார வைத்தான்.

அன்றைக்குத்தான் அவன் அந்த வளைவைப் பார்த்தான். ஓடுபாதை முடிகிற இடத்தில், தென்னை மரங்களுக்கு முன்னால், ஒரேயடியாக ஒடித்துத் திருப்ப வேண்டும். நேசமலர் ஒடித்தாள். காரின் உள்பக்கச் சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின... வரதராசாவின் உயிரும் எழும்பியது. சில்லு இறங்கியது. உயிர் இறங்கவேயில்லை.

“ஓடாமல் விட்டால் என்ன?” என்று கேட்டுவிட்டான் திரும்பி வரும்போது.

அவள் பிரேக்கை மிதித்தாள். “நீங்களும் அவங்க கட்சிதானா?”

“இல்லை... நான்...”

“இறங்குங்க.”

இறங்கினான். பயமாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! எப்படிச் சொல்வான்? பயமாக இருக்கிறது என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

பந்தயத்தன்று காலை பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்து, பருமனாகக் கட்டிய ஒரு செவ்வந்தி மாலையோடு, பந்தயம் நடக்கும் அதே ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தான். யாழ்ப்பாணத்தில் அவன் பார்த்த எந்த பஸ், எந்த லொறி மாலை இல்லாமல் தூர வழி வெளிக்கிட்டது? முகத்தில் பூ தொங்கினால்தான் வாகனம் பத்திரமாகத் திரும்பும். சாரதியும் நம்புவான், ஏறுகிறவர்களும் நம்புவார்கள். வரதராசாவும் அந்த ஊர்ப் பிள்ளைதானே!

நேசமலர் அவனைக் கண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கிளறன்ஸ், “ஐசே, நாங்க ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து வெச்சிட்டு வாறோம். காரைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளியே தொங்கவிட்டால் துரைமார் சிரிப்பார்கள். நேசமலர் தேவாலயத்துக்குப் போகிறவள். பூவைப் பிடுங்கி எறிந்தாலும் எறிவாள். வரதராசா சுற்றுமுற்றும் பார்த்தான். மெல்லக் காரின் முன்மூடியை, அந்தப் பொனற்றைத் திறந்தான். முன்பக்கக் கம்பிவலைக்கும் தண்ணீர் ஊற்றும் றேடியேற்றருக்கும் இடையில் ஒரு வெளி. அதற்குள் மாலையை மடித்து மடித்து நன்றாகத் திணித்தான். வெளியில் ஒரு பூவிதழ்கூடத் தெரியவில்லை. “பிள்ளையாரே, இனி உம்மடை பொறுப்பு” என்று கும்பிட்டுக்கொண்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

கொடி விழுந்தது. சின்னக் கார்களுக்கு முதலில் வழி, பெரிய கார்கள் பின்னால் துரத்தும். நேசமலர் பறந்தாள். முதல் சுற்றில் முன்னுக்கு. அடுத்த சுற்றிலும் முன்னுக்கு! அந்த வளைவு வரும்போதெல்லாம் வரதராசா கண்ணை மூடினான். சத்தம் வளைந்து கடந்து போன பிறகுதான் திறந்தான். இன்னும் ஒரு சுற்று... ஒரேயொரு சுற்று...

அப்போதுதான் அந்த வெள்ளைப் புகை.

புகையில்லை, நீராவி! காரின் மூக்கிலிருந்து குபுகுபுவென்று கிளம்பியது. ஒஸ்ரின் இருமியது, தயங்கியது, நின்றே போனது. பெரிய கார்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. இறங்கி நின்ற நேசமலரைத் தூரத்திலிருந்து பார்க்க, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய சிறுபிள்ளை மாதிரி இருந்தது.

காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். செயலாளர் துரை கூடாரத்தின் முன்னால் நின்று இங்கிலீசில் சொன்னார். “தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். அடிப்படை விசயம். நான் முன்னமே சொன்னேன், பெண்களுக்கு இது சரிவராது. இத்தோடு முடிந்தது.”

“நான் முட்ட முட்ட ஊத்தினேன் சேர்!” கிளறன்ஸ் கத்தினான்.

“பொய் சொல்லாத அண்ணா! ஊத்தியிருந்தா ஏன் கொதிக்குது?” நேசமலரின் குரல் உடைந்தது. “உன்னால... எல்லாம் உன்னால!” கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. கிளறன்ஸ் அப்படியே குந்திவிட்டான்.

கழகத்தின் பழைய ஓட்டக்காரர் மக்கீன் நானா தாடியைத் தடவினார். “தண்ணி மட்டும் இருந்தாப் போதுமா மவ? முன்னால இருந்து காத்து உள்ளுக்குப் போவணுமே. காத்து அடைபட்டா எவ்வளவு தண்ணி இருந்தாலும் கொதிக்கத்தான் செய்யும். கார் ஆறட்டும், தொறந்து பாப்பம்.”

வரதராசா காரின் மூக்கைப் பார்த்தான். காற்று... முன்னால்... உள்ளே... ஐயோ! என் மாலையா? என்னாலேதானா?

எல்லோரும் கூடாரத்துக்குள் போனார்கள். கார் தனியே நின்றது. அவனும் தனியே நின்றான். மழை தூறத் தொடங்கியது. பொனற்றைத் திறந்து, கையை விட்டு, மாலையை இழுத்துப் புல்லுக்குள் எறிந்தால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நேசமலர்? தண்ணீர் ஊற்ற மறந்த பெண் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள். அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் போவார்கள். சொன்னாலோ... அவள் இனி என் முகத்தில் விழிக்கவே மாட்டாள்!

பொனற்றைத் திறந்தான். கை சுட்டது. அவிந்து கறுத்துத் தொங்கிய மாலையை இழுத்தெடுத்தான். அதைப் புல்லுக்குள் எறியவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடாரத்துக்குள் நடந்தான்.

“இது... காருக்குள்ளை இருந்தது. நான்தான் வைச்சனான்.”

செயலாளர் துரையின் முகம் சிவந்தது. “யார் உன்னை ஏவியது? எந்த ஓட்டக்காரர்? பொலிஸைக் கூப்பிடுவேன்!”

“ஒருத்தரும் ஏவேல்லை சேர்.”

“இந்தப் பெண்ணுக்கு நீ யார்?”

“ஒருத்தனுமில்லை.”

“என்ன தம்பி இது?” மக்கீன் நானா குறுக்கே வந்தார். “ஒருத்தனுமில்லாதவன் என்னத்துக்குப் பூவ வெச்ச? உண்மையச் சொல்லு.”

வரதராசா துரையைப் பார்க்கவில்லை, நானாவையும் பார்க்கவில்லை. நேசமலரைப் பார்த்தான். அழுது சிவந்த அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தான். அவன் வாழ்நாளில் இவ்வளவு பயந்ததே இல்லை. ஆனாலும் வாய் திறந்தது.

“பயம்... அந்த வளைவிலை சில்லு எழும்பேக்கை எனக்கு உயிர் போகுது. உங்களுக்கு ஏதேனும் நடந்திட்டால் நான் என்ன செய்வன்? ஓடாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை. சொன்னதும் பிழைதான்... நீங்கள் ஓடோணும். அதுதான் கோயிலுக்குப் போய் மாலை எடுத்தனான். எங்கடை பஸ்ஸுக்கெல்லாம் அப்பிடித்தான் போடுறவை... காத்து அடைபடும் எண்டு சத்தியமாய் எனக்குத் தெரியாது. எனக்கு உங்களிலை விருப்பம். அவ்வளவுதான்.”

மக்கீன் நானா அதை இங்கிலீசில் சொல்ல வேண்டியிருந்தது. பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரை அந்த அவிந்த மாலையையும் வரதராசாவின் கொப்புளம் போட்ட விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். “காரில் குறையில்லை, ஓட்டியவரிலும் குறையில்லை” என்றார் கடைசியில். “அடுத்த பந்தயத்தில் மறுபடி ஓடட்டும். ஆனால் இந்த மனிதனைக் காருக்குக் கிட்ட விடாதீர்கள்.”

வெளியே மழை பிடித்துவிட்டது. வரதராசா தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் ஒதுங்கினான். நேசமலர் வந்தாள். கோபம் என்றால் கோபம்!

“எத்தனை விடியக்காலை எழும்பினேன் தெரியுமா? இன்னும் ஒரு சுற்று மிஸ்டர்... ஒரு சுற்று! அண்ணாவை எல்லாருக்கும் முன்னால ஏசிட்டேன். இப்பத்தான் மன்னிப்புக் கேட்டுட்டு வாறேன்.”

“எனக்கு ரெண்டு அடி போடுங்கோ.”

“போடத்தான் வந்தேன்.” ஆனால் அவள் கைக்குட்டையைத்தான் எடுத்தாள். மழையில் நனைத்து அவன் விரல்களில் சுற்றினாள். நிமிராமலே கேட்டாள். “கோயில்ல பூசை செய்ய நட்சத்திரம் கேப்பாங்களே. எங்களுக்கு அதெல்லாம் இல்லையே... ஐயருக்கு என்ன சொன்னீங்க?”

வரதராசா தயங்கினான். “என்ரை நட்சத்திரத்தைச் சொன்னனான். என்னட்டை அதுதான் இருந்தது.”

அவள் கை நின்றது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் நிமிர்ந்தபோது அந்தக் கண்களில் கோபம் இல்லை... முழுக்க முழுக்க வேறொன்று இருந்தது.

“குடுத்ததுதானே?”

“ஓம்...”

“அப்ப இனி அது என்னோடது, வரதன்” என்றாள் நேசமலர், மெல்ல. “திருப்பிக் கேக்காதீங்க. தரமாட்டேன்.”