நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர்

புத்தகத்தின் உயரம் நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர் என்று திரையில் வந்தது. சாந்தினி அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பதிவுகளில் எங்கோ ஒன்றில் யாரோ புள்ளி வைக்க மறந்திருப்பார்கள். பதினைந்து புள்ளி ஏழு என்று இருந்திருக்க வேண்டும். இந்த மாதிரித் தவறுகளைப் பிடிப்பதற்காகத்தான் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் எது வந்தாலும் தனியே காட்டும்படி தன் பெர்ல் மொழிக் கணினி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். ஆனால் அந்தப் பதிவில் தலைப்பு இல்லை. ஆசிரியர் பெயர் இல்லை. பக்க எண்ணிக்கையும் இல்லை. இடம் என்ற கட்டத்தில் யோங் பெங் என்றும், ஆண்டு என்ற கட்டத்தில் 1984 என்றும் இருந்தன. குறிப்பில் இரண்டே வாக்கியங்கள்: 'ஈரம். கட்டு தளர்ந்துள்ளது.' இருப்பிடம், கீழ்த்தளச் சேமிப்பறை. பதிந்தவர், கஸ்தூரி.

கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டியிருந்த அந்தத் தனியார் கல்லூரியை மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். நூலகத்துப் புத்தகங்களெல்லாம் வேறோர் இடத்துக்குப் போகவேண்டும். அதற்குமுன் அவற்றின் பட்டியல் ஒரே கோப்பாகக் கைக்கு வரவேண்டும். பட்டியலோ மூன்று காலத்தில் மூன்று வடிவங்களில் கிடந்தது. மிகப் பழையது சாதாரண எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு புத்தகம். அடுத்தது வரி முறிவே இல்லாமல் ஒரே நீளமாக ஓடுவது; ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உள்ள இருபத்துநான்கு எழுத்துகளைப் படித்தால்தான் அது எங்கே முடிகிறதென்று தெரியும். கடைசியாக வந்தது எக்ஸ்எம்எல் வடிவம். மூன்றையும் படித்து ஒன்றாக்கித் தருவதுதான் சாந்தினியின் வேலை. பத்து வருடம் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் இதே மாதிரி வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் ஜோகூர் பாருவில் வீட்டிலிருந்தே தனியாகச் செய்ய ஆரம்பித்திருந்தாள். பழைய கோப்பு இணையத் தொடர்பே இல்லாத ஒரு கணினியில் மாட்டிக்கொண்டிருந்ததால் நேற்றிலிருந்து நேரிலேயே வந்து வேலை பார்த்தாள். மேல்மாடி அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள்.

அதே பதிவு மற்ற இரண்டு கோப்புகளிலும் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. மூன்றிலும் ஒரே எண், ஒரே உயரம், ஒரே ஈரம்.

நூலகத் தலைவர் விஜயேந்திரன் ஜன்னல் ஓரமாக நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், சட்டைப்பையில் எப்போதும் கூராகச் சீவிய இரண்டு பென்சில்கள். கஸ்தூரி யார் என்று சாந்தினி கேட்டபோது அவர் திரும்பவில்லை. முன்னால் இங்கே பட்டியல் வேலை பார்த்தவர், விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார். பிறகு, அவள் இன்னும் எதையும் கேட்காமலிருக்கும்போதே, சொன்னார்:

"அந்தப் பதிவை நீக்கிடுங்க. பழைய பிழைதான்."

இவள் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கஸ்தூரி எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டாள். 2015 என்றார். எழுத்துக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதியைச் சாந்தினி மறுபடி பார்த்தாள். 2009.

வெளியே மூன்று நாளாக விடாத மழை. மணி இரண்டுதான் ஆகியிருந்தது. ஆனாலும் வானம் கரிபிடித்த சட்டியின் அடிபோல் தொங்க, குழல் விளக்குகள் எரிந்தும் அறையின் மூலைகளில் இருட்டு உட்கார்ந்திருந்தது. ஊறிய காகிதமும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை மாடிப்படி வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வாடையோடு ஒரு சத்தமும். புத்தக வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. நின்றது. ஒரு புத்தகத்தை எடுத்து அடுக்கும் நேரம் சென்றது. மறுபடி கிறீச்சிட்டது. துப்புரவு வேலை பார்க்கும் பேச்சியம்மாள் கீழே ஏதோ ஒதுக்கி வைக்கிறாள் என்று சாந்தினி நினைத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் அவளுக்குப் பின்னாலிருந்த பாண்ட்ரி அறைக்குள்ளிருந்து பால் சேர்க்காத தே ஓ தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

விஜயேந்திரன் காதில் விழாதபடி சாந்தினி கஸ்தூரியைப் பற்றி விசாரித்தாள். பேச்சியம்மாள் அவர் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். யோங் பெங்கில் பிறந்த பெண். சத்தம்போட்டுப் பேசியே கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தன்று புதிதாக வந்திறங்கிய புத்தகங்களுக்கு எண் போடவேண்டுமென்று சேமிப்பறைக்குள் போயிருந்தாள். ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியாக உள்ளே ஏறியது. எல்லாரும் அவசரமாகக் கிளம்பினார்கள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று யாரோ சேமிப்பறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். நான்கு நாள் கழித்துத்தான் திறக்க முடிந்தது.

"மேல் தட்டுல ஏறி உக்காந்திருந்துச்சு மா. மடியில எண் போடுற புத்தகம். பென்சில் கையிலயே இருந்துச்சு."

கீழே சக்கரம் கிறீச்சிட்டது. இருவருக்கும் கேட்டது. பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்காத மாதிரி இருங்க மா. அப்படித்தான் நாங்க இருக்கோம்."

அவள் போனபின் சாந்தினி நிரலை மறுபடி ஓட்டினாள். ஏதோ குறியீட்டுக் கோளாறு, படிக்கும் முறையில் தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணிக்கை ஓடி நின்றது. இப்போது இரண்டு பதிவுகள் தனியே நின்றன. இரண்டாவது: கோத்தா திங்கி, 1961, நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர். குறிப்பு: 'இடக்காலில் பெருவிரல் இல்லை.' பதிந்தவர், கஸ்தூரி.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். பேச்சியம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி ஐயாசாமி, என்றாள். புல் வெட்டும் இயந்திரத்தில் கால் பெருவிரலை இழந்தவர். கஸ்தூரி போன அடுத்த வருடம், மழைக்காலத்தில், சேமிப்பறையில் சத்தம் கேட்கிறதென்று பார்க்கப் போனார். ஆற்று மதகில் பிணமாகத்தான் கிடைத்தார்.

சாந்தினி மறுபடி ஓட்டியிருக்கக் கூடாது. கை தானாகப் போயிற்று.

மூன்று பதிவுகள்.

பத்து பாகாட். 1989. நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். குறிப்பு: 'வலது காதுக்குப் பின்னால் மூன்று தையல்.' இருப்பிடம்: மேல்மாடி அலுவலகம். நிலை: வரவேண்டியது.

சாந்தினி ஐந்து வயதில், பிறந்த ஊரான பத்து பாகாட்டின் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது போட்ட தையல். முடி மறைத்துவிடும், பெற்றவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் விரல் காதுக்குப் பின்னால் போய் அந்த மேட்டைத் தொட்டது. விரல் சில்லென்றிருந்தது.

மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டுக் காரின் சாவியை எடுத்தாள். விஜயேந்திரன் ஜன்னலைக் காட்டினார். காவலர் கூண்டு இடுப்புவரை தண்ணீரில் நின்றது. அவள் காரின் கூரை மட்டும், பழுப்புத் தண்ணீருக்குமேல் ஒரு தட்டு மாதிரித் தெரிந்தது. போம்பாவுக்கு, தீயணைப்பு மீட்புப் படைக்குச் சொல்லியாகிவிட்டது, ஐந்து மணிக்குள் படகு வந்துவிடும் என்றார். மணி மூன்றரை.

சாந்தினி மேசைக்குத் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தாள். இந்த எண்ணுள்ள பதிவு வந்தால் படிக்காமல் தாண்டிப் போ என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். அரைப்புள்ளியை வைக்கும்போது விசை இரண்டு தடவை தவறியது. ஓட்டினாள்.

பத்து பாகாட் இல்லை. போய்விட்டது.

பிறகு, அந்த இடத்துக்கு அடுத்த எண்ணில், மூன்றாவதாக வேறொன்று வந்து நின்றது. கோத்தா திங்கிக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பெயர். 1965. நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். 'கைகளில் சவர்க்கார வாசம்.' வரவேண்டியது.

பாண்ட்ரியில் பேச்சியம்மாள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வரி எழுதலாம். இந்த எண்ணையும் தாண்டச் சொல்லலாம். ஆனால் மறுபடி ஓட்டினால் எது திரும்பி வருமோ. இப்போது பத்து பாகாட் பட்டியலில் இல்லை. தொடாமல் விட்டால் வராமலே இருந்துவிடலாம். சாந்தினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கை துடைத்தபடி பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"கீழ பிளக் வரைக்கும் தண்ணி ஏறிடும் போல மா. மெயின் சுவிட்ச அடைச்சிட்டு வந்துடறேன்."

அது மாடிப்படியின் அடியில், மூன்றாம் படியிலிருந்தே கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. போகாதீங்கக்கா என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. சாந்தினி திரையைப் பார்த்தாள். மூன்று பதிவுகள். அவளுடையது இல்லை.

"சரிக்கா," என்றாள்.

ரப்பர் செருப்பின் சத்தம் படிகளில் இறங்கியது. பிறகு தண்ணீரை அளையும் சத்தம். சுவிட்ச் விழுந்தது. விளக்குகள் அணைந்தன, காற்றாடி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் சக்கரம் ஒரு தடவை கிறீச்சிட்டது. மிகப் பக்கத்தில். படிக்கட்டின் அடியிலேயே.

பேச்சியம்மாள் கத்தவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்தவரைக் கேட்பதுபோல.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

விஜயேந்திரன் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பென்சில்களைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

"கதவைப் பூட்டினது நான்தான்," என்றார். "உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சு. அலமாரி மிதந்து இடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." பென்சில்களை நேராக்கினார். "நெனச்சுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டேன்."

மடிக்கணினி பாட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. சாந்தினி எதையும் ஓட்டவில்லை. கை மடியில்தான் இருந்தது. ஆனால் திரையில் வரிகள் தானாக மேலேறின. எஸ்டேட் பதிவின் கடைசி வரி மாறியிருந்தது. இருப்பிடம்: கீழ்த்தளம். நிலை: வந்துசேர்ந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று. 1962. நூற்று எழுபத்தாறு. 'கைகள் நடுங்குகின்றன.'

அவள் நிமிர்ந்தபோது விஜயேந்திரன் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் ஒரு முறை அசைந்தது. சக்கரம் நகர்ந்தது. நின்றது.

நூற்று எழுபத்தாறு. வந்துசேர்ந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. வெளியே ஓர் இயந்திரம் உறுமியது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் மலாயில் கூப்பிட்டது: உள்ளே யாராவது இருக்கிறீர்களா, முன்கதவுக்கு வாருங்கள். போம்பா படகு. முன்கதவு கீழே. படிக்கும் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். மேல்மாடி ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. அவள் கம்பிகளுக்கிடையே கையை நீட்டிக் கத்தினாள். மழையில் குரல் கரைந்தது. ஒலிபெருக்கி இரண்டாம் முறை கூப்பிட்டது. கொஞ்சம் தூரத்திலிருந்து.

போகவேண்டும். இப்போதே.

கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஏழாவது படியில் தண்ணீர். குளிர்ந்திருந்தது. அசையாமல் இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகளும் ஒரு ரப்பர் செருப்பும் மிதந்தன. முழங்கால். தொடை. சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கும் அறைக்குள் திரும்பினாள். எதிர்க்கோடியில் முன்கதவின் கண்ணாடி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. இருபது அடி. அதற்கு மேல் இருக்காது.

நடந்தாள். இடப்பக்கம் வரிசையாகப் புத்தக அலமாரிகள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது.

கடைசி அலமாரியில் நடுப் பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. அதற்குள் நின்றுகொண்டிருந்தார்கள். முகம் சுவரை நோக்கி. முதுகு வெளியே. தோளோடு தோள் நெருக்கி, நேராக. ஒவ்வொருவர் பிடரியிலும் ஒரு சிறிய வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. தாளில் பென்சிலில் எழுதிய எண். முதலில் நீண்ட கூந்தலிலிருந்து நீர் சொட்டும் ஒரு பெண். அடுத்து நீலச் சட்டையில் ஒரு காவலாளி. வலக்கோடியில் வழுக்கைத் தலை ஒன்று. கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் எண் வரிசைப்படி.

நடுவில், காவலாளிக்கு அடுத்து, அவள் தாண்டச் சொன்ன எண் வரவேண்டிய இடத்தில், ஓர் ஆள் நிற்கும் அகலம் காலியாக விடப்பட்டிருந்தது. பக்கத்துப் புத்தகத்தை உருவி எடுத்துவிட்டால் மற்றது அந்த இடைவெளியில் சாயுமே, அதுபோலப் பேச்சியம்மாள் அந்த வெற்றிடத்தை நோக்கி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தாள்.