கூப்பிடு தூரம்

ஸ்ரௌவ்வில் நகரின் வடக்கே, புதிய வீடுகளின் வரிசை முடிந்து, கட்டடக்காரருக்கு விற்கப்பட்ட வயல் தொடங்கும் இடத்தில் ராகுலன் காரை நிறுத்தினார். தை மாதத்து மாலை. இருட்டு முழுமையாக இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த மனைவி பிரதீபா இறங்கவில்லை.

"பொலிசே தேடுறதை நிப்பாட்டிப் போட்டாங்கள். உந்தத் தொலைநோக்கிக் குழாயை வச்சு நீங்கள் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறியள்?"

"பிள்ளை கடைசியாப் பார்த்ததை நானும் ஒருக்காப் பார்க்க வேணும்."

"அண்டைக்குப் பார்த்திருக்க வேணும்."

அவர் இறங்கிக் காரின் பின்கதவைத் திறந்தார்.

மூன்று கிழமைகளுக்கு முன் அவர்களுடைய மகள் அட்சயா இதே வயலுக்கு விண்மீன்களைப் படமெடுக்க வந்தாள், வீடு திரும்பவில்லை. விடியலில் இருவரும் வந்து பார்த்தபோது அவளுடைய காரும் தொலைநோக்கியும் நின்றன. அவள் இல்லை. ராகுலன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன்? வேலிக்கு அப்பால் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. குரல் எழுந்தால் யன்னல்கள் திறக்கும். யன்னல்கள் திறந்தால் வாய்கள் திறக்கும். எவனோடோ போய்விட்டாள் என்று முதலில் நம்பியவர்கள் பெற்றவர்களே. தொலைநோக்கியை ஏற்றி, அவளுடைய காரையும் சத்தமின்றி எடுத்துச் சென்றார்கள். கேட்டவர்களிடம், அஜக்ஸ் நகரில் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள் என்றார்கள். இரண்டு நாள் மானத்தைக் காத்தார்கள்.

மானமாம்! பத்தொன்பது வயதுப் பெண்ணின் உயிரைவிடக் கனமான அந்தப் பண்டத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

பொலிசுக்குச் சொன்ன மாலையில் பனி கொட்டியது. காலடிகள் அழிந்தன. மோப்ப நாய்கள் வெறுமையை முகர்ந்து திரும்பின.

ராகுலன் அன்று மகளின் தொலைநோக்கி நின்ற அதே இடத்தில் முக்காலியைப் பனியில் ஊன்றி, அதன்மேல் மவுண்டைப் பூட்டினார். பூமி சுழலச் சுழலத் தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பொறி அது. அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தை நேராக நோக்க வேண்டும். இம்மியளவு விலகினாலும் புள்ளியாக விழவேண்டிய விண்மீன் கோடாக இழுபடும். அட்சயாவின் லப்ரொப் கணினியில் அதற்கொரு செயலி இருந்தது. தொலைநோக்கியில் பூட்டிய கமரா எடுக்கும் படத்தை அளந்து, அச்சை எந்தப் பக்கம் திருப்புவது என்று அம்புக்குறி காட்டும்.

துருவ நட்சத்திரம் நடுவில் நின்றது. ஆயினும் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. திருகாணியைத் திருப்பினார்.

கீழே, என்றது.

திருப்பினார்.

இன்னும் கீழே.

கார்க் கதவு திறந்தது. பிரதீபா பனியை மிதித்து வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நட்சத்திரம் மேலயெல்லோ நிக்குது? உது வயலையெல்லோ பார்க்குது!"

"தெரியுது. பேசாமல் நில்லும்."

"பிறகேனப்பா கீழ திருப்புறியள்?"

"நான் இப்ப திருப்பேல்லை, பிரதீபா."

அவருடைய இரு கைகளும் சட்டைப் பைக்குள் இருந்தன.

திருகாணி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

பிறகு நின்றது. திரையில் பச்சை எழுத்து எழுந்தது: விலகல் பூச்சியம். படத்திலோ ஒரு விண்மீன்கூட இல்லை, இருட்டு மட்டுமே. அந்தச் செயலி எதை அளந்தது?

அச்சு நீட்டிய திசையில் ராகுலன் நடந்தார். பிறகு ஓடினார். முழங்காலளவு பனியில் விழுந்தெழுந்து, நெஞ்சு பிளக்கக் கத்தினார்.

"அட்சயா! பிள்ளை! அப்பா வந்திட்டன்!"

வேலிக்கு அப்பால் யன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. ஒளிரட்டும்! உலகமே விழித்துப் பார்க்கட்டும்!

காலின் கீழே மரப்பலகை அதிர்ந்தது. பனியை வெறுங்கையால் வாரினார். பழைய பண்ணைக் கிணறு ஒன்றின் மூடி. இற்றுப்போன ஒரு பலகை உள்ளே விழுந்திருக்க, அந்த இடைவெளியைப் பனி அடைத்திருந்தது. மவுண்ட் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரந்தான்.

பிரதீபாவும் பின்னால் ஓடிவந்து குனிந்தாள். உள்ளே ஏதோ கீறியது.

"கேக்குதே? நகத்தால பிராண்டுறாள்! உயிரோட இருக்கிறாள், பிரதீபா!"

"ஓம்... ஓம், கேக்குது! அம்மா இஞ்ச நிக்கிறன் ராசாத்தி, கொஞ்சம் பொறு!"

தீயணைப்பு வண்டி வரும்வரை இருவரும் அந்த ஒலியோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். வீடுகளிலிருந்து சனம் போர்வைகளோடு ஓடிவந்து சூழ்ந்து நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீரர் ஒருவர் கயிற்றில் இறங்கினார். நீரற்ற கிணறு. நெடுநேரம் கழித்து அட்சயாவை மேலே கொண்டுவந்தார்கள். உடல் கல்லாக உறைந்திருந்தது. கால் முறிந்திருந்தது. விரல்களில் நகங்கள் இல்லை. சுவரெங்கும் கீறல்கள் என்றும், ஒரே நாளில் அத்தனை கீற முடியாது என்றும் இறங்கியவர் தலைகுனிந்து சொன்னார்.

பிரதீபா கணவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

வெள்ளைத் துணியால் மகளை மூடினார்கள். வண்டியின் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் சனத்தின் தலைகள் மெல்ல ஒரே பக்கம் திரும்பின.

வெறுமையான கிணற்றின் அடியிலிருந்து, கல்லில் நகம் கீறும் ஒலி வந்துகொண்டே இருந்தது.