எதிரில் இருப்பவர் யார்?

நாற்பதாம் நாள் காலை, நினைவாடி மூன்றாவது முறையாகக் கேட்டது: "அம்மா, உங்கள் எதிரில் இருப்பவர் யார்?"

ஷர்மிளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறதி நோய்க்கு இப்போதெல்லாம் ஈரோட்டில் கொடுப்பது மீள்சாறு. வல்லாரையிலும் மலைப்பாசி ஒன்றிலும் எடுத்த சேர்மம். மூளை நரம்புகளில் படிந்த கசடைக் கரைத்து, அறுந்த தொடர்புகளைத் திரும்பத் துளிர்க்க வைக்கும். நாற்பது நாளில் பலிக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பலித்ததா என்று சொல்வது நினைவாடியின் வேலை. கண்ணாடி மாதிரி முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்கும், மதிப்பெண் போடும். மகா கறார்.

எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பிரசன்னாவுக்கு எழுபத்து மூன்று வயது. வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனால் மனைவி நோயில் கிடந்த இந்த மூன்று வருடமே அவர் வாழ்க்கையில் இனித்த காலம். "ஏனுங்க, பக்கத்துலயே இருங்க" என்று அவர் கையைப் பிடித்தபடிதான் தூங்குவாள். அதற்கு முந்தைய ஒன்பது வருடம் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் இளவேனில் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்ட அன்று, வாசலை மறித்து நின்று ஷர்மிளாவைப் போகவிடாமல் செய்தவர் அவர். நோய் அந்தச் சண்டையையும் மகளையும் சேர்த்தே துடைத்துவிட்டது.

"எல்லா நினைவும் வரும். வேண்டியதை மட்டும் பொறுக்க முடியாது" என்று சொல்லித்தான் டாக்டர் கையெழுத்துக் கேட்டார். பிரசன்னா இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பெற்ற மகளின் பெயர்கூடத் தெரியாமல் இவள் போய்விடுவாளே என்ற பயம்தான் கடைசியில் கையெழுத்துப் போட வைத்தது.

"கணவரை அடையாளம் தெரியவில்லை," என்றது நினைவாடி. "சிகிச்சையை நிறுத்தப் பரிந்துரைக்கிறேன்."

நர்ஸ் தமயந்தி ஊசியைக் கழற்ற வந்தாள். "வருத்தப்படாதீங்கய்யா. நேத்துவரைக்கும் உங்களத்தான் தேடுனாங்க. இன்னிக்கு மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாங்க."

"கழட்டாதம்மா!" பிரசன்னா எழுந்துவிட்டார். "அவளுக்கு என்னயத் தெரியுது. நல்லாவே தெரியுது."

"எப்படிங்கய்யா சொல்றீங்க? மிஷின் ஆதாரம் கேக்குமே."

ஆதாரம் அவரிடம் இருந்தது. சொந்தபந்தம் எத்தனை பேர் கேட்டும் அவர் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு இவளப் போக உடலம்மா. தப்பு எம்மேலதான். அன்னையிலிருந்து எங்கிட்ட இப்படித்தான் இருப்பா. நேத்துவரைக்கும் சிரிச்சாளே, அதுதான் நோவு. இப்பத்தான் எம்பொண்டாட்டி திரும்பி வந்திருக்கா."

இந்தப் பதிலுக்கு நினைவாடியிடம் மதிப்பெண் இல்லை.

ஷர்மிளாவின் தோள் குலுங்கியது. திரும்பாமலே தமயந்தியிடம் சொன்னாள்:

"இந்த வார்த்தைய அன்னிக்கே சொல்றதுக்கு என்னன்னு அவருகிட்டக் கேளு கண்ணு. அப்படியே எம்புள்ளைக்கு ஃபோன் போட்டுத் தரச் சொல்லு."

பிரசன்னா எண்ணை அழுத்தினார். பன்னிரண்டு வருடமாக அவர் ஒருமுறைகூடக் கூப்பிடாத எண். ஒரு இலக்கம்கூட மறந்திருக்கவில்லை.