கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே...

நட்டநடுத் தேக்கங்காட்டில், அதுவும் சொந்த நிலத்தில், ஆள் நீளத்துக்கு ஒரு குழி வெட்டிக் கிடந்தால் யார்தான் நின்று பார்க்க மாட்டார்கள்? பரீது நின்று பார்த்தான். அச்சு அசல் பிணம் புதைக்கிற கபர் மாதிரியே இருக்கிறதே... யாருக்கு? மலை உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அவன் மெல்ல விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க! அந்தப் பக்கம் மிதிக்காதீங்க!"

குரல் குழிக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல்!

"யா அல்லாஹ்!" என்று பரீது துள்ளினான். துள்ளியவன் பின்பக்கமாகத் துள்ளியிருக்கலாம். ரப்பர் செருப்பு தேக்கிலையில் வழுக்க, விளிம்பு பெயர, ஒரு கூடை மண்ணோடு அவனும் உள்ளே போய்ச் சேர்ந்தான்.

வேலந்தாவளத்தில் தவிடும் புண்ணாக்கும் விற்கும் பரீதை உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். சந்தைக்கு வருகிற மாடுகளுக்கெல்லாம் தெரியும். முப்பதைத் தாண்டியும் நிக்காஹ் ஆகாதவன் என்பது மாடுகளுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

விழுந்தவன் நிமிர்ந்தான். எதிரே... தலையைச் சுற்றிக் கட்டிய நீல ஷால், கன்னத்தில் ஒரு செம்மண் கோடு, கையில் கத்தி. அந்தக் கத்தியை அவன் பார்க்கவே இல்லை. கண்களைத்தான் பார்த்தான். மழைக்கு முந்தின வானம் மாதிரிக் கறுத்த, இடி இடிக்கத் தயாரான கண்கள்...

"காலையிலிருந்து செதுக்கினது! வெயில் விழற பக்கம் பார்த்து, நூல் பிடிச்ச மாதிரிச் செதுக்கினது! மொத்தமாச் சரிச்சுட்டீங்களே!"

"இது எங்க நிலமுங்க."

"தெரியும். மண் ஆய்வு ஆபீஸிலிருந்து வர்றேன். உங்க அத்தா சம்மதபத்ரத்துல ஒப்பு வெச்சுக் கொடுத்திருக்காரு."

"எங்க அத்தா எதுல வேணா ஒப்பு வெப்பாரு. எதையும் படிக்க மாட்டாரு."

அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். அந்த ஒரு மடிப்பு போதாதா...

"சரிச்சது நீங்க. செதுக்கித் தர்றதும் நீங்கதான்." கத்தியை அவன் கையில் கொடுத்தாள்.

குழி வெட்ட வந்த சுருளிவேல் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கண்ட காட்சி இதுதான்: தீவனக் கடை முதலாளி குழிக்குள் முட்டி போட்டுச் சுவர் செதுக்குகிறார், மேடம் பக்கத்தில் நின்று பாடம் நடத்துகிறார். இனி ஊருக்கு அதை யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, சுருளிவேல் இருக்கிறான்.

அவள் பெயர் ஷஹானா. புதுநகரம் பாத்திரக்கடை நசீம் ராவுத்தரின் மகள். இதையெல்லாம் பரீது நேராகக் கேட்கவில்லை. கேட்காதவனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், மண்ணைப் பற்றி ஒரு கேள்வி, அவளைப் பற்றி ஒரு கேள்வி என்று மாற்றி மாற்றிப் போட்டால் தெரியாதா?

"மேல இருக்கறது இலை. இந்த வருஷம் விழுந்தது முழுசா இருக்கும். அதுக்கடியில் பாதி மக்கினது, அப்புறம் டீத்தூள் மாதிரி. அதுக்கும் கீழே பாருங்க, கறுப்பு மண்ணு. கிள்ளுங்க."

கிள்ளினான். ரவை உப்புமா மாதிரி உதிர்ந்தது. வேர்கள், மண்புழு போட்ட உருண்டைகள், மழை வாசனை.

"அடுத்தது சிவப்பு. மேலேயிருந்து மழை கழுவிக் கொண்டு வந்த களிமண்ணெல்லாம் இங்கேதான் தங்கும். கட்டி கட்டியா உடையும், உடைஞ்ச பக்கம் மினுமினுங்கும்."

ஒரு கட்டியை எடுத்து, ஒரு சின்னப் புத்தகத்தில் வரிசையாக ஒட்டியிருந்த நிறச் சதுரங்களோடு வைத்துப் பார்த்தாள். ஈரமாக ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். பரீதுக்கு இவ்வளவு சிவப்பு உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். அதில் ஒரு சிவப்பு, அவள் கன்னத்தில் வெயில் ஏற ஏற வந்துகொண்டிருந்த சிவப்பு... அது புத்தகத்தில் இல்லை.

மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரித் தள்ளினாள். அறுபடாமல் நீண்டு தொங்கியது. "களி அதிகம். நீங்க பண்ணுங்க."

அவன் நாடா பொட்டுப் பொட்டென்று அறுந்தது.

"புண்ணாக்கு பிசையற கை போல!"

"மாடுங்க இதுவரைக்கும் குறை சொன்னதில்லீங்க, மேடம்."

இப்போது சிரிப்பு மடியவில்லை. அவிழ்ந்தே விட்டது. அதைக் கேட்டுத்தானோ என்னவோ, உச்சியிலிருந்த மேகமும் இறங்கி வந்து பொழிய ஆரம்பித்தது. குழியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, "இன்னும் ஆழமாப் போகணும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று சொல்லி ஜீப்பில் ஏறினாள். மழையில் ஜீப் மறையும் வரை நின்றவன், தான் நனைவதை ஜீப் மறைந்த பிறகுதான் கவனித்தான்.

இங்கே பரீதின் அம்மா கதீஜாவைச் சொல்லாமல் கதை நகராது. மகனுக்கு வந்த வரனையெல்லாம் "ஊடு எழும்பட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிய மகராசி அவர். கடைக்குப் பின்னால் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிற இரண்டு அறைக்கு ஒரு மருமகளைக் கூட்டி வர அவருக்கு மனமில்லை. வீட்டுக்கென்று பார்த்து வைத்த இடம் எது தெரியுமா? மலையடிவாரத்தில், தேக்கங்காட்டு ஓரத்தில், குழியை ஒட்டிய அதே மேடுதான். சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டாகிவிட்டது. மழை விட்டதும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டியதுதான் பாக்கி.

சுருளிவேல் சேதி சொன்ன அன்றே கதீஜா புதுநகரம் முழுக்க விசாரித்து முடித்தார். பெண் நல்ல பெண். குடும்பம் நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சீமாற்றோடு காட்டுக்குப் போனார். வரப்போகிற பெண் முதன்முதலாகச் சாப்பிட உட்காரும் இடம் குப்பையாகவா இருக்கும்? குழியைச் சுற்றி ஒரு இலை விடாமல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கண்ணாடி மாதிரி வைத்துவிட்டார்.

அத்தர் பூசிக்கொண்டு வந்து நின்றான் பரீது. (மண் குழிக்கு அத்தர்! கேட்டீர்களா?) ஜீப்பிலிருந்து இறங்கிய ஷஹானா, பார்த்தாள்... பார்த்தபடியே நின்றாள்.

"யாருங்க... இதைக் கூட்டினது?"

"நான்தான் கண்ணு!" கதீஜாவின் முகமெல்லாம் பெருமை.

"ஐயோ மாமி... அந்த இலைதானே முதல் அடுக்கு! அதைத்தானே இன்னைக்கு அளக்க இருந்தேன்! எல்லாம் போச்சே!"

கதீஜாவின் முகம் சுருங்கியது. "குப்பையைக் கூட்டினது குத்தமா?"

ஷஹானாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. சட்டென்று அருகில் வந்து அவர் கையைப் பிடித்தாள். "எனக்காகத்தானே கூட்டுனீங்க? நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்தத் தேக்குக்கு அப்பால இலை அப்படியே இருக்கு, அங்கே அளந்துக்கறேன்."

பிறகு கதீஜா கொண்டுவந்த நெய்ச்சோற்றை வெட்கப்படாமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அதில் கதீஜா முழுசாகக் கவிழ்ந்தார். "இந்தா, இந்த மேட்டுலதான் ஊடு. ஊடு எழும்பின மாசமே என்ற மவனுக்கு நிக்காஹ். பொண்ணும்... பார்த்து வெச்சாச்சு" என்று சொல்லி, அவளையே பார்த்தார்.

பரீது தண்ணீர்க் குடத்தை எடுக்கிற சாக்கில் எழுந்து ஓடினான். ஓடுகிறபோது திரும்பிப் பார்த்தான். ஷஹானா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது... புத்தகத்தில் இல்லாத அதே சிவப்பு!

மத்தியானத்துக்கு மேல் சுருளிவேல் இன்னும் ஆழமாக வெட்டினான். சிவப்பு மண் முடிந்து கல் வந்தது. முனை மழுங்காத கற்கள், தலைகீழாகவும் குறுக்காகவும் கண்டபடி கிடந்தன. அதையும் தாண்டிக் கடப்பாரை சட்டென்று மெத்தென இறங்கியது.

கறுப்பு மண். மறுபடியும்.

ஷஹானா அதைக் கிள்ளினாள். நனைத்துப் பார்த்தாள். நிறப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தாள். ஒரு கரித்துண்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். மேலே மலையைப் பார்த்தாள். திரும்பவும் கிள்ளினாள். வேறு ஏதாவது பதில் வராதா என்று அந்த மண்ணிடம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. குழிக்கு மேலே நின்ற பரீதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கடைசியில் மேலே ஏறி வந்தாள்.

"மாமி... இங்கே ஊடு கட்டாதீங்க."

"என்னது?"

"கீழே இருக்கற கறுப்பு, ஒரு காலத்துல மேல இருந்த மண்ணு. அதுல மரம் இருந்திருக்கு, இலை விழுந்திருக்கு. அது மேல இத்தனை கல்லும் மண்ணும் வந்து மூடியிருக்கு. ஆறு கொண்டு வந்த கல்லுன்னா உருண்டையா இருக்கும், இது அப்படியில்லை. மலையிலிருந்து சரிஞ்சு வந்தது. ஒருக்கா வந்த வழியில இன்னொருக்கா வரலாம்."



"எங்க தலைமுறையில இங்கே ஒண்ணும் வந்ததில்லை!" கதீஜா பாத்திரங்களைத் தடதடவென்று அடுக்கினார். "மண்ணைப் பாக்க வந்தவ, எங்க ஊட்டுல மண்ணள்ளிப் போட்டுட்டா!"

பரீதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆம்பிளை ரோஷம் விடுமா? இந்த வீட்டைப் பற்றி அவன் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். "ஊடு கட்டறதும் கட்டாததும் எங்க இஷ்டமுங்க, மேடம்" என்றான்.

'மேடம்' என்பதில் போன வாரம் இருந்த தேன் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள். அந்தக் கண்களில் இடி இல்லை. மழை மட்டும்தான் இருந்தது...

ஒரு வாரம் பரீது தவிட்டைப் புண்ணாக்கு என்றும், புண்ணாக்கைத் தவிடு என்றும் நிறுத்துக் கொடுத்தான். வீட்டில் கதீஜா ஓயவில்லை.

"நான் அவகிட்ட நேராவே சொன்னேன்டா, ஊடு எழும்பினாத்தான் நிக்காஹ்னு. பொண்ணு யாருன்னும் புரிஞ்சுக்கிட்டா, பச்சைப் புள்ளையா அவ? தெரிஞ்சும் கட்டாதேன்னா என்ன அர்த்தம்? உன்னை வேண்டாம்னு அர்த்தம்!"

சோற்றில் கை வைத்திருந்த பரீது கையை எடுத்தான்.

தெரிந்தும் சொன்னாள்... தெரிந்தும்.

வாயை மூடிக்கொண்டு ஜீப் ஏறியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வீடு எழும்பியிருக்கும். மேளதாளம் இல்லாத குறையாக அம்மாவே புதுநகரத்துக்குப் பெண் கேட்டுப் போயிருப்பார். அந்தக் காது மடல் சிவந்ததை அவன் பார்த்தானே! அந்த ஆசையை அவள் தன் கையாலேயே அணைத்துவிட்டு, அத்தனை பேர் கோபத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு... மண்ணை மறுபடி மறுபடி கிள்ளியது எதற்காக என்று இப்போதுதான் அந்த மரமண்டைக்கு உறைத்தது. கண்கள் கலங்கின. உயிரைக் காப்பாற்றியவளிடம் 'எங்க இஷ்டம்' என்று சொன்ன வாயை எதைப் போட்டுக் கழுவுவது?

குழியை மூட அவள் வருகிற நாளன்று கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினான். "நானும் வர்றேன். அவளை நேருக்கு நேரா ஒண்ணு கேக்கணும்" என்று கதீஜாவும் வண்டியில் ஏறினார்.

குழிக்குள் கடைசி மண் மாதிரியை எடுத்துக்கொண்டிருந்தாள் ஷஹானா. லேசாகத் தூறல். இருவரையும் கண்டு எழுந்து நின்றாள். பரீது வாயைத் திறக்குமுன் கதீஜா முந்திக்கொண்டார்.

"ஏன் கண்ணு, என்ற பையனைப் பிடிக்கலைன்னா அதை நேராச் சொல்லிட்டுப் போறது! மண்ணு மேல ஏன் பழி போட்டே?"

"மாமி, நான் மண்ணு மேல..."

"ஊடு இல்லாட்டி நிக்காஹ் இல்லைன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எப்படிச் சொன்னே?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவளிடமிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. "பின்னே எப்படிச் சொல்லாம இருக்கறது மாமி? அந்த ஊட்டுலதானே நானும் படுத்துத் தூங்கணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையெல்லாம் மண்... முகமெல்லாம் மண்.

கதீஜா குழி விளிம்புக்கு வந்தார். குழியின் அடியில் தெரிந்த அந்தக் கறுப்பைப் பார்த்தார். மேலே மலையைப் பார்த்தார். மழைக்காலம் தவறாமல் டி.வி.யில் காட்டுகிற மண்சரிவுப் படங்களெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்க வேண்டும். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளை அந்தக் கறுப்புக்கு மேல் படுக்கவைத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அல்லாஹ் காப்பாத்தினான்..." என்றார். "இந்தப் பொண்ணு ரூபத்துல வந்து காப்பாத்தினான். ஊடு கெடக்கட்டும். கடைக்கு மேல மாடி எடுத்தா ஊடாகாதா? டேய், ஏன்டா மரமாட்டம் நிக்கறே?"

பரீது குழிக்குள் இறங்கினான். இந்த முறை ஒழுங்காக, சுவரில் கை படாமல் இறங்கினான். வழியெல்லாம் வண்டியில் மனப்பாடம் செய்து வந்த பேச்சு எங்கே போயிற்றோ...

"ரொம்ப நன்றிங்க" என்றான், தவிடு விற்றுக் காசு வாங்கியவன் மாதிரி.

விரல் இடுக்கு வழியாக ஒரு கண் எட்டிப் பார்த்தது. "அவ்வளவுதானா?"

"இல்லீங்க... எனக்கு நல்லது சொல்ல நிறையப் பேரு இருக்காங்க. தனக்கு நட்டம் வரும்னு தெரிஞ்சும் சொன்னது நீங்க ஒருத்திதான். அன்னைக்கு நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சுடுங்க. அப்புறம்..." முகத்துத் தூறலைத் துடைத்தான். "ஷஹானா, மாடியோ, ஓலைக் கொட்டாயோ... நீங்க எங்கே தூங்கலாம்னு சொல்றீங்களோ, அங்கேதான் நானும் தூங்குவேன். ஆயுசுக்கும்."

தூறல் வலுத்தது. அவள் முகத்திலிருந்த மண் கோடு கோடாக வழிந்தது. அதில் எது மழை, எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கண்கள் மட்டும் சிரித்தன.

"முதல்ல மாடிக்கு அஸ்திவாரம் தாங்குமான்னு நான் வந்து பார்க்கறேன்" என்றாள் மெதுவாக. "பார்த்துட்டு... திரும்பிப் போக மாட்டேன்."