முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே

காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் ஹாஸ்டலில் வருகை எடுப்பார்கள். எடுப்பது ஆளல்ல, சுவரில் பதித்த ஒரு கருவி. கைப்பட்டை கட்டிய மணிக்கட்டை நீட்டினால் நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டும். பத்து மணிக்குச் சங்கு. சங்கு ஊதிவிட்டால் அடைப்பு. மாலை ஐந்து வரை பாளையங்கோட்டையில் எந்த வாசலும் அந்நியருக்குத் திறக்காது, அந்த வெயிலில் அரை மணி நேரம் நின்றால் உயிர் தங்காது. வகுப்புகள் விடியலிலும் அந்திக்குப் பிறகும்தான்.

சேர்ந்த அன்று நாற்பத்தொரு விதிகளுக்குக் கீழே கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமலே போட்டேன். யார்தான் படித்தார்கள்? ஆனால் ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். பொய் வருகை கொடுத்தால் இரண்டு பேருக்கும் இடம் போய்விடும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்வசதி உள்ள வாடகை அறை கிடைக்காது. ஹாஸ்டல் போனால் படிப்பும் போச்சு.

தெரிந்தேதான் ப்ராக்ஸி கொடுத்தோம். ஹாஸ்டல் என்று ஒன்று இருக்கும்வரை அதுவும் இருக்கும் போல. பட்டையைக் கழற்றி அடுத்தவள் கையில் கட்டினால் போதும். கருவிக்குத் துடிப்பு வேண்டும், யாருடைய துடிப்பு என்று அது கேட்பதில்லை. நானும் என் அறைத்தோழி இசக்கியும் ஆறு முறை இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்திருக்கிறோம். வரிசையில் இரண்டாவது தடவை போய் நிற்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஏழாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை. இசக்கியின் அம்மா அவளுடைய புது மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வருவதாக இருந்தது.

"ஒம்பதரைக்குள்ள வந்துருவேன்ட்டி ஜெபா. பஸ் லேட்டாச்சுன்னா நீ குடுத்துரு," என்று பட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

பஸ் லேட். என் வருகையைக் கொடுத்தேன், ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளுடையதையும் கொடுத்தேன். பலகையில் எழுத்து ஓடியது: முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே. சங்கு ஊதியது.

பத்து மணி நான்கு நிமிடத்துக்கு போன் வந்தது.

"வாசல்ல நிக்கேன்ட்டி. அம்மா அதே பஸ்ஸுல திரும்பிட்டா. கதவு தொறக்க மாட்டேங்கு."

"மொகத்தக் காட்டுனியா?"

"காட்டுனேன். அது பேசுதத நீயே கேளு."

வாசலில் முகம் பார்த்து ஆளை உள்ளே விடும் இயந்திரமான வாசல்கணக்கியின் இனிமையான குரல் கேட்டது. "இசக்கியம்மாள் உள்ளே இருக்கிறார். நீங்கள் யார்?"

ஒதுங்க இடமில்லாத ஆட்கள் வேறு யாருடைய முகத்தையாவது ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உள்ளே இருப்பதாகக் கணக்கில் உள்ள முகம் வெளியே நின்றால், அது திருட்டு முகம்.

வார்டனிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஏதாவது வழி தோன்றும், படிப்பு போகாமல் ஏதாவது வழி தோன்றும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். நாக்கு குழறியது.

"மொதல்ல வேர்த்து ஊத்துச்சு. இப்ப வேர்க்கவே இல்லட்டி. குளிருத மாரி இருக்கு."

அதன் பிறகுதான் ஓடினேன்.

வார்டன் கோமதி மேடம் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. வாசல்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கு போன் போட்டார். "எண்ணிக்கை சரியாக உள்ளது. நன்றி," என்று சொல்லி இயந்திரம் வைத்துவிட்டது.

"உள்ள இருக்கவள உள்ள விட அதுக்குத் தெரியாது," என்றார் மேடம். "அவ பட்ட வெளிய போனாத்தான் அவ வெளிய இருக்கான்னு நம்பும். துடிக்குத கையிலதான் போணும். வெளிய போறவங்களுக்கு எப்பவும் தொறக்கும். மொகமும் பாக்காது."

"நான் கட்டிட்டுப் போறேன் மேடம்."

"அவசரப்படாத. கதவுக்கு முன்னால எட பாக்குத எடையறை ஒரு தடவைக்கு ஒரு ஆளு, ஒரு பட்டதான் விடும். ஓம் பட்டய இங்க கழத்தி வச்சிட்டுப் போணும். அப்ப நீ உள்ள இருக்கதாத்தான கணக்கு? அவ உள்ள வந்துருவா. நீ வெளிய நிப்ப."

"பெறகு?"

"ஓம் பட்டயக் கட்டிட்டு வேற ஒருத்தி வரணும். அவளுக்கு இன்னொருத்தி. இருவது நிமிசத்துக்கு ஒருத்தின்னா அஞ்சு மணி வரைக்கும் இருவது பேரு வேணும். எம் பட்ட வார்டன் பட்ட, கழத்த வராது, இல்லன்னா நானே போவேன்." என் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "நீ போ. நான் பிள்ளைககிட்ட கேக்கேன்."

முந்நூறு பேர் இருக்கிற இடத்தில் இருபது பேர் வரமாட்டார்களா என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

வெளிக்கதவு திறந்ததும் மூச்சு அடைத்தது. தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. இசக்கி சுவரோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். என் கையிலிருந்த பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டி, அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்து வந்தேன். "வணக்கம் இசக்கியம்மாள். உள்ளே வாருங்கள்," என்றது வாசல்கணக்கி. உள்ளே தள்ளினேன். பின்னாலேயே நானும் முகத்தை நீட்டிப் பார்த்தேன்.

"ஜெபசீலி உள்ளே இருக்கிறார். நீங்கள் யார்?"

கண்ணாடிக் கதவு வழியாகக் கூடம் முழுவதும் தெரிந்தது. மேடம் என் பட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார். பிள்ளைகள் கூட்டமாக நின்று கேட்டார்கள். பட்டையை வாங்கிக் கட்டினால் அவளும் பொய் வருகைக்காரிதான், அவள் இடமும் போய்விடும். அதற்கும் மேல் இந்த வெயில். ஒருத்தி தரையைப் பார்த்தாள். போன வாரம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பக்கத்து அறைக்காரி மெதுவாக இன்னொருத்திக்குப் பின்னால் நகர்ந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஏழு நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடம் ஆனது. இருபத்தைந்து ஆனது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். யாரும் திரும்பவில்லை.

ஈரத்துண்டோடு தரையில் கிடத்தியிருந்த இசக்கி அப்போது எழுந்து உட்கார்ந்தாள். மேடம் தோளைப் பிடித்து அழுத்தினார். அவள் அதைத் தள்ளிவிட்டுத் தன் பட்டையைக் கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு என் பட்டைக்காகக் கையை நீட்டினாள். இன்னொரு தடவை வெயிலுக்கு வந்தால் அவள் பிழைக்க மாட்டாள் என்பது கூடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது.

கையை நீட்டியபடியே அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு தடவை நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

ஆட்டவில்லை. சீக்கிரம் வாட்டி, சீக்கிரம் வா என்றுதான் என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.