தானே விழும் குழாய்

போன் அடித்தது... செத்து ஒன்பது நாளான மனிதனுக்கு!

காண்ட்ராக்டர் கட்டிலிலிருந்து எகிறி எழுந்தார். இந்த நம்பர் யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்குக்கூட!

அவளைப் பொறுத்தவரை அவர் காரோடு கருகிப் போனவர். மோதிரத்தை வைத்து அடையாளம் காட்டி, அழுதும் முடித்துவிட்டாள். உண்மையில் கருகியது டிரைவர். இடிந்து விழுந்த கட்டிட வழக்கில் தீர்ப்பு வருவதற்குள் காண்ட்ராக்டர் செத்தாக வேண்டியிருந்தது. டிரைவர் உயரத்திலும் பருமனிலும் தோதாக இருந்தான், பாவம்.

எடுத்தார்.

"சார், எண்டோஸ்கோப்பி நர்ஸ் பேசறேன். பித்தக்குழாய்க் கல்லு எடுத்தப்ப கணையத்துல ஒரு குட்டி பிளாஸ்டிக் குழாய் வச்சோமே... ஞாபகம் இருக்கா?"

"அது தானா விழுந்துடும்னீங்களே?"

"அனேகமா விழுந்துடும். எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். கணையம் வீங்கக் கூடாதுன்னு வச்சது சார். ரொம்ப நாள் தங்கிட்டா அதுவே கெடுத்துடும்."

"இந்த நம்பர் எப்படி..."

"குழாய் வச்சவங்ககிட்ட ரெண்டு நம்பர் வாங்காம அனுப்ப மாட்டோம். மயக்கம் தெளியறப்ப நீங்கதான் சொன்னீங்க."

நாக்கில் சனி! முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை என்றாள் நர்ஸ். அப்படியானால் அவர் செத்தது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிய அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மேல்வயிறு சுருக்கென்றது... பயத்திலா, குழாயிலா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் பழைய ரிப்போர்ட் கேட்பார்கள். அதுவும் காரோடு சாம்பல். வெளியே போனால் ஜெயில், உள்ளே இருந்தால் கணையம். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை! சாயங்காலம் வரை தாங்கினார். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

எக்ஸ்ரே அறை. படுத்தார். மெஷின் முனகி ஓய்ந்தது. கனமான கதவு சாத்திக்கொண்டது.

ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து நர்ஸ் வந்தாள். கூடவே... இன்ஸ்பெக்டர்!

"யாரும் எடுக்கலன்னு சொன்னது பொய் சார். முதல் நம்பரை உங்க வொய்ஃப் எடுத்தாங்க," என்றாள் நர்ஸ். "நீங்க இறந்துட்டீங்கன்னு அழுதாங்க. எதுக்கும் ரெண்டாவதையும் அடிச்சுட்டு ரிஜிஸ்டர்ல எழுதலாம்னு பார்த்தேன். நீங்களே பேசினீங்க. உடனே போலீசுக்குச் சொல்லிட்டேன்."

விலங்கு மாட்டியபோதும் காண்ட்ராக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல குழாயை எடுங்க. அப்புறம் எங்க வேணா வரேன்."

நர்ஸ் திரையைப் பார்த்தாள்.

"அது எப்பவோ தானா விழுந்துடுச்சு சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"உங்ககிட்ட மாட்டி முழுசா தப்பிச்சது அது ஒண்ணுதான்!"